மிதமிஞ்சிய நுகர்வால் காலமான சீமாட்டி

சீமாட்டி இறந்து இந்த வருஷத்தோடு இருநூறு ஆண்டு நிறைகிறது. அதைக் கொண்டாடியே தீர வேண்டும் என்று பதிப்பகத்தில் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். செத்ததையா கொண்டாடுவீர்கள், அடக் கண்றாவியே என்று கேட்க அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவளாலும் வாயைத் திறக்க முடியவில்லை. ஏனென்றால் சீமாட்டியை அப்படிச் சாகடித்ததே அவள்தான்.

சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

அவளைப் பதிப்பகத்தில் பூதக்கண்ணாடி என்பார்கள். வேலை, மெய்ப்புத் திருத்துவது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்னால் பக்கம் பக்கமாகப் படித்து, ஒற்று விட்டுப்போன இடத்தையும் ரகரம் றகரமான இடத்தையும் சிவப்புப் பேனாவால் கண்டுபிடித்துக் குத்த வேண்டும். முப்பத்தொரு வருஷமாக இதே வேலை, இதே ஜன்னலோர மேஜை. பழக்கம் ஊறிப்போய், பழைய முதலாளி இறந்தபோது வந்த இரங்கல் அட்டையில்கூட 'அண்ணார்' என்று இருந்ததைச் சுழித்து 'அன்னார்' என்று திருத்தி, அதன் பிறகுதான் அழுதாள். நல்ல மனுஷிதான். ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்து கடிதம் எழுத யாருக்கும் தைரியம் வராது.

சீமாட்டி என்பது பதிப்பகத்தார் செல்லமாக வைத்த பேர். நிஜத்தில் அவர் சீமாட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கையுறை தைக்கிற ஒருவரின் மகள். பகலெல்லாம் தோலில் ஊசி குத்திவிட்டு, விடிவதற்கு முன்னால் எழுந்து கடைக்கு மேலே இருந்த அறையில் உட்கார்ந்து ஐந்து நாவல் எழுதிய இங்கிலீஷ்காரி. முப்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஐந்து நாவலும் தமிழில் வந்ததிலிருந்து இன்றுவரை விற்பனை நிற்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மனுஷி எழுத்தில் அப்படி ஒரு குறும்பு. இரண்டாவது நாவலில் ஒரு சித்தி வருவாள். ஏதாவது உதவி கேட்டால் காது கேட்காது. மூன்று அறை தள்ளி யாராவது கிசுகிசுத்தால் மட்டும் துல்லியமாகக் கேட்கும். இதைப் படித்த அத்தனை பேரும், "ஐயோ, இது எங்க வீட்டுச் சித்தி!" என்று பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டார்கள். இருநூறு வருஷம் முந்தி கடல் தாண்டி இருந்த ஒருத்திக்கு நம் வீட்டுச் சித்தியை எப்படித் தெரியும்? அதுதான் சாமர்த்தியம். பூதக்கண்ணாடி இத்தனை முறை மெய்ப்புப் பார்த்தும் அந்தச் சித்தி வரும் பக்கத்தில் இன்னமும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

சரி, சாகடித்த கதைக்கு வருவோம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். முதல் நாவலின் தமிழாக்கம் அச்சுக்கு நிற்கிறது. ஏழாம் பக்கம் காலியாக இருக்கிறது. பழைய முதலாளி ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை அவள் கையில் திணித்து, "இதுல அந்தம்மா வாழ்க்கை அரைப் பக்கம் இருக்கு. தமிழ்ல எழுதிக் குடும்மா, மதியம் மூணு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துடுவான்" என்றார். எழுதினாள். கடைசி வரியில் சீமாட்டி 'கன்சம்ப்ஷன்' என்பதால் இறந்தார் என்று இருந்தது. அகராதியைப் பிரித்தாள். பக்கத்தின் அடியில், கடைசி வரியில், அந்தச் சொல். அதற்கு நேரே: நுகர்வு.

அதோடு நிறுத்திக்கொண்டாள். பக்கத்தைப் புரட்டியிருந்தால் அடுத்த பக்கத்தின் உச்சியில் இரண்டாவது அர்த்தம் இருந்தது: காசநோய். புரட்டவில்லை. மணி இரண்டு ஐம்பது.

'நுகர்வால் காலமானார்' என்று எழுதிப் பார்த்தாள். மொட்டையாக இருந்தது. நுகர்ந்தால் யாராவது சாவார்களா என்று ஒரு நிமிஷம் யோசித்தவள், கொஞ்சம் அதிகமாக நுகர்ந்திருப்பார் என்று தானே முடிவு கட்டி, சொந்தச் சரக்காக ஒரு சொல்லைச் சேர்த்தாள். 'மிதமிஞ்சிய நுகர்வால் காலமானார்.' படிக்க நன்றாக இருந்தது. வயது இருபத்துமூன்று, நன்றாக இருந்தால் சரியாக இருக்கும் என்று நம்புகிற வயது.

அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கு அவள் பொறுப்பில்லை. அட்டைக்குப் படம் வரைந்தவர் ஏழாம் பக்கத்தைப் படித்துவிட்டு, எலும்பும் தோலுமாக இருந்த சீமாட்டிக்கு இரண்டு தாடை வைத்து, கையில் பெரிய கேக் துண்டையும் கொடுத்துவிட்டார். பேராசிரியர் ஒருவர் அந்த ஒரே வரியை வைத்து நாற்பது பக்கக் கட்டுரை எழுதினார். வணிக உலகம் பெண்ணை வாங்க வைத்தே கொல்லும் என்பதற்கு முதல் பலி சீமாட்டிதானாம். 'மிதமிஞ்சிய' என்ற சொல்லுக்கு மட்டும் பதினொரு பக்கம். கட்டுரை புத்தகமாயிற்று, புத்தகம் நான்காயிற்று, அவரிடம் ஆய்வு செய்த ஏழு பேர் டாக்டர் ஆனார்கள். இங்கிலீஷில் மூலத்தைப் புரட்டிப் பார்க்க அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்தால் பார்வை கெட்டுவிடும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். மூலம் ஆதிக்கத்தின் குரலாம், மொழிபெயர்ப்புதான் மக்களின் குரலாம்.

இதெல்லாம் போதாதென்று நுகர்வோர் பாதுகாப்புச் சங்கம் வந்தது. அளவோடு வாங்குவது பற்றி எழுதும் சிறந்த கட்டுரைக்கு வருஷா வருஷம் சீமாட்டி பேரில் பரிசு. பரிசுக் கேடயத்தில் கேக்கோடு சீமாட்டி.

பூதக்கண்ணாடிக்கு விஷயம் தெரிய வந்தது மூன்றாம் வருஷம். அவளுடைய அக்கா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். இருமல் நிற்காமல், எடை இறங்கி, கடைசியில் நெஞ்சக மருத்துவமனையில் ஒன்பது மாதம் கிடந்தாள். வீட்டில் கேட்பவர்களிடம் எல்லாம், "டீச்சர் ட்ரெய்னிங்குக்கு வெளியூர் போயிருக்கா" என்றார்கள். அக்காவுக்குப் படிக்கக் கொடுக்கலாமே என்று சீமாட்டியின் நாவலை இங்கிலீஷிலேயே தேடி வாங்கிப் போய்க் கொடுத்தாள் தங்கை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்து மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, காது கேக்காத சித்தியா?"

"இல்லடி. முன்னுரை. உன் சீமாட்டிக்கு வந்தது என் வியாதிடி! கன்சம்ப்ஷன்னா அந்தக் காலத்துல டி.பி. நீ என்னடான்னா அந்தப் பாவி தின்னே செத்தாள்னு எழுதி வச்சிருக்க!"

பூதக்கண்ணாடிக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மறுநாளே பழைய முதலாளியிடம் ஓடினாள். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா" என்றார். பதிப்பகங்களில் இதற்கு என்ன அர்த்தம் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அடுத்த பதிப்பு வந்தது, அதற்கடுத்தது வந்தது, பழைய முதலாளி போய் அவர் மகன் முதலாளி ஆனார், ஒன்பது பதிப்பு ஆயிற்று. அக்கா குணமாகி, மறுபடி பள்ளிக்கூடம் போய், ஓய்வும் பெற்றுவிட்டாள். தங்கையைப் பார்க்கும்போதெல்லாம், "என்னடி, உன் ஆளு இன்னும் தின்னுக்கிட்டேதான் இருக்காளா?" என்று கேட்பாள்.

இப்போது பத்தாம் பதிப்பு. இருநூறாவது ஆண்டு நினைவுப் பதிப்பு. அதோடு பூதக்கண்ணாடிக்கும் ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி. இந்த முறை விட்டால் சீமாட்டி காலாகாலத்துக்கும் கேக் தின்றே சாக வேண்டியதுதான். முதலாளியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

முதலாளி கையிலிருந்த டீயை மேஜையில் வைத்தார்.

"முப்பது வருஷமா நுகர்வுல செத்த பொம்பளைய இப்போ எதுக்கும்மா காசநோய்ல சாகடிக்கிறீங்க?"

"அவங்க செத்தது அதுலதான் சார்."

"இருக்கட்டுமே. டி.பி.ல யாரு வேணாலும் சாவாங்க. நுகர்வுல செத்தது இவங்க ஒருத்தங்கதான். அதுக்குத்தானே சங்கத்துக்காரங்க விழா எடுக்குறாங்க, பேராசிரியர் முன்னுரை எழுதியிருக்கார். அந்த முன்னுரையே 'மிதமிஞ்சிய'ன்னுதான் ஆரம்பிக்குது. அதையும் மாத்துவீங்களா?"

"அது அவர் எழுதினது. நான் எழுதினதை நான் மாத்துறேன்."

"நீங்க எழுதினதுன்னு யாருக்கும்மா தெரியும்?"

வாழ்க்கைக் குறிப்பின் கீழே எந்தப் பேரும் கிடையாது. மெய்ப்புத் திருத்துகிறவர் பேர் எந்தப் புத்தகத்திலும் வராது. வந்தால் அதுவே ஒரு பிழை.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் கிண்டல் பண்ணப் போகிறாள் என்று நினைத்தால், கேட்டு முடித்ததும் அக்கா துணியை அப்படியே வைத்துவிட்டாள்.

"நான் ஒன்பது மாசம் அங்க கிடந்தேன். அம்மா, அப்பா, மாமா, ஒருத்தர் வாயாலயாவது அந்த வியாதி பேர் வந்துச்சா? ட்ரெய்னிங் போயிருக்கேன்னு சொன்னீங்க. நீயும்தான் சொன்ன."

"அக்கா, அப்போ..."

"தெரியும். கல்யாணம் கெட்டுடும்னு சொன்னீங்க. அது எப்படியும் கெட்டுச்சு. பொண்ணு பாக்க வந்தவங்க 'என்ன ட்ரெய்னிங், எங்க ட்ரெய்னிங்'னு கேட்டப்போ நான்தான் புளுகணும். இப்பவும் எனக்கு என்ன வந்துச்சுன்னு என் கூட வேலை பாத்த ஒருத்திக்கும் தெரியாது. எனக்குப் பரவாயில்ல, போகட்டும். செத்துப்போனவளால எதுவும் சொல்லிக்க முடியாதுல்ல. அவளுக்காவது சொல்லித் தொலையேன்."

பூதக்கண்ணாடி அழுதுவிட்டாள். இத்தனை வருஷமாக அக்காவின் கேலியை வெறும் கேலி என்று நினைத்திருந்த தன் மரமண்டையை நினைத்து அழுதாள்.

மறுநாள் கடைசி மெய்ப்பு வந்தது. ஏழாம் பக்கம், பன்னிரண்டாம் வரி. 'மிதமிஞ்சிய நுகர்வால்' என்பதை ஒரே கோடாக அடித்தாள். மேலே தெளிவாக எழுதினாள்: 'காசநோயால்'. பக்கத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்து இருந்தால் அச்சகத்தில் மறுபேச்சு கிடையாது. புத்தகம் அச்சாகிவிட்டது. முதலாளி ஏழாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. முதலாளிகள் அட்டையைத்தான் பார்ப்பார்கள்.

விழா நாள். மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் கேக்கோடு சீமாட்டியின் ஆளுயரப் படம். நுகர்வோர் சங்கத் தலைவர் அளவோடு வாங்குவது பற்றி அளவில்லாமல் ஒரு மணி நேரம் பேசினார். பூதக்கண்ணாடி மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அக்கா வரவில்லை, தின்று செத்தவளுக்கு நடக்கிற விழாவில் தனக்கு என்ன வேலை என்று சொல்லிவிட்டாள்.

பேராசிரியர் எழுந்தார். புதுப் புத்தகம் அப்போதுதான் அவர் கைக்கு வந்தது. எங்கே திறந்தால் தன்னுடைய உயிர்வரி இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"நண்பர்களே, ஏழாம் பக்கம்! மிதமிஞ்சிய..." என்று ஆரம்பித்தவர் நின்றார். புத்தகத்தை நீட்டிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார். மேடையில் போட்டோ எடுப்பார்கள் என்பதால் மூக்குக்கண்ணாடியை அவர் எப்போதும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார். மண்டபம் அமைதியாயிற்று. பூதக்கண்ணாடி நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காசு... நோயால்," என்று படித்தார் பேராசிரியர். "காசு நோயால்!"

இரண்டு விநாடி. அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

"அடடா! என்ன ஒரு துணிச்சல்! 'நுகர்வு' என்கிற வறட்டுச் சொல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, 'காசு நோய்'! பணம் என்கிற பிணி! முப்பது வருஷமாக நான் நாலு புத்தகத்தில் சொல்லத் தவித்ததைப் பதிப்பகம் ஒரே சொல்லில் சொல்லிவிட்டது! நண்பர்களே, இதுதான் என் ஐந்தாவது புத்தகம்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சங்கத் தலைவர் ஓடிவந்து முதலாளியின் கையைக் குலுக்கினார். முதலாளிக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், தான்தான் அப்படி யோசித்தவர் மாதிரி தலையாட்டினார்.

பூதக்கண்ணாடி எழுந்து நின்றாள். வாழ்நாளில் கூட்டத்தில் எழுந்து நின்றவள் இல்லை.

"சார், அது காசு இல்ல. காசம். காசநோய். டி.பி."

யாரோ சிரித்தார்கள்.

"அவங்க டி.பி. வந்து இறந்தாங்க. முன்னாடி இருந்ததுதான் தப்பு. அதை எழுதினது நான்."

பேராசிரியர் ஒலிபெருக்கியை வாயருகே இழுத்துக்கொண்டு, குழந்தையைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்க மெய்ப்புப் பாக்கிறவங்கதானே? எழுத்து உங்க வேலை. அர்த்தம் எங்க வேலை. ஆனா ஒரு நன்றி. அச்சில் 'சு'வுக்கு ஒரு சுழி விட்டுப்போயிருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லிட்டீங்க. திருத்தச் சொல்லிடலாம்!"

மறுபடியும் கைதட்டல். இந்த முறை அவளுக்காகவாம். உட்காரச் சொல்லிப் பக்கத்துக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தாள். இத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்லியும் பொய்தான் பலத்துப் போயிற்றே என்று நொந்துகொண்டாள்.

மறுநாள் காலை அவள் மேஜையில் ஒரு சின்னத் தாள் இருந்தது. இரண்டாயிரம் பிரதியிலும் ஒட்டுவதற்கான பிழைதிருத்தச் சீட்டு. முதலாளியே கைப்பட எழுதிக் கொடுத்து, கணினியில் கோத்து வந்திருந்தது.

பக்கம் 7, வரி 12.
பிழை: காசநோயால்.
திருத்தம்: காசு நோயால்.

கீழே பென்சிலில், 'அம்மா, பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. பத்து மணிக்கு அச்சகத்து ஆள் வருவான்.'

முப்பத்தொரு வருஷத்தில் அவளுக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை. முதலாளியின் மேல் இல்லை, பேராசிரியரின் மேலும் இல்லை. எந்த வெட்கங்கெட்ட மூளை மூன்று மணிக்கு ஆள் வருவான் என்று அகராதியைப் பாதியில் மூடியதோ, அந்த மூளையின் மேல் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தாள். இரண்டு சொல்லையும் சுற்றி வளைத்து ஒரு கோடு இழுத்தாள். மேலே உள்ளது கீழே, கீழே உள்ளது மேலே என்று அச்சகத்துக்குச் சொல்லும் குறி அது. இப்போது பிழை: காசு நோயால்; திருத்தம்: காசநோயால்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கீழே இருந்த காலி இடத்தில் எழுதினாள்:

'முந்தைய ஒன்பது பதிப்புகளில் இவர் மிதமிஞ்சிய நுகர்வால் காலமானார் என்று இருந்தது தவறு. அகராதியின் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் அந்தக் குறிப்பை எழுதியவள் நான்.'

எழுதி, தன் பேரை முதலெழுத்தோடு முழுதாகப் போட்டாள். பத்து மணிக்கு இன்னும் கால் மணி இருந்தது. அக்காவுக்குப் போன் பண்ணி, எழுதியதை வாசித்துக் காட்டினாள்.

அக்கா இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"உன் வேலை போயிடும்டி," என்றாள் அக்கா.

"மூணு மாசம்தானேக்கா. போகட்டும்."

"இடம் இருக்கா இன்னும்?"

"ஒரு வரிக்கு இருக்கு."

"அப்போ இதையும் போடு. என் அக்காவுக்கும் இதே நோய்தான் வந்தது. குணமாகிவிட்டது. நாங்கள் எல்லோரிடமும் பொய் சொன்னோம். போட்டுட்டு என் பேரையும் போடு. டீச்சர்னு சேர்த்துப் போடு, என் கூட வேலை பாத்தவளுங்களுக்குத் தெரியட்டும்."

"நிஜமாவா அக்கா?"

"எழுதுடி. ஆள் வந்துடப் போறான்."

எழுதினாள். ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. மூன்று வரி வந்தது. எழுத்தைப் பொடியாக்கி ஓரத்தில் மடக்கி எழுதினாள். பிறகு முதலிலிருந்து ஒருமுறை, எழுத்தெழுத்தாக, சீட்டு முழுவதையும் படித்துப் பார்த்தாள். ஒற்றுப் பிழைகூட இல்லை. மூலையில் கையெழுத்துப் போட்டாள். வாசலில் வந்து நின்ற அச்சகத்து ஆளிடம் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள்.